ஒரே கம்பெனி கேபிளா, கலந்து போடலாமா?

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வாங்கி முடித்ததும் கடையில் அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "கேபிள் எல்லாம் ஒரே பிராண்டா போடுங்க சார், கலந்து போட்டா சவுண்டு ஒத்துப்போகாது." ஒத்துப்போகும். நார்டோஸ்ட், ஆடியோக்வெஸ்ட் போன்ற விலை உயர்ந்த கேபிள் பிராண்டுகளின் முழு செட்டுக்கு ஆகும் பணத்தில் இன்னும் நல்ல ஸ்பீக்கரே வாங்கலாம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேபிளின் உறையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது சிக்னலுக்குத் தெரியாது. அதைப் பாதிப்பது மின்தடை, கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை), இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை), ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) இவைதான், அதிலும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று முக்கியம்.

ஸ்பீக்கர் கேபிளில் பார்க்கவேண்டியது தடிமன். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு போட்டால் போக வர சேர்த்து மின்தடை 0.07 ஓம்தான், 0.75 போட்டால் 0.23 ஓம் ஆகிவிடும். கேபிளின் மின்தடை ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டுமே தேறும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.75 தேறாது. இந்தத் தடிமனிலோ அதற்கு மேலோ நல்ல செம்பு வயர் தெருமுனை எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும், கனாரே 4எஸ்11 மாதிரி ஸ்டுடியோ கேபிளாகவும் கிடைக்கும். கையாள வசதி, பிளக் நன்றாகப் பிடிப்பது போன்றவற்றுக்காக நான் கனாரே பக்கம்தான் சாய்வேன், ஆனால் காதுக்காக என்று சொல்லமாட்டேன்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்குத்தான் கேபிள் தேர்வு உண்மையிலேயே முக்கியம். உதாரணமாக, ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டைப் படிக்கும் ஊசி உள்ள பகுதி) கேட்பது மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட் (கெபாசிட்டன்ஸின் அலகு). ஆம்ப்பில் இசைத்தட்டுக்கான ஃபோனோ இன்புட்டே 100 எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள், அதோடு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள ஆர்சிஏ கேபிள் ஒன்றரை மீட்டர் சேர்ந்தால் 250, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மின் வயர் இன்னும் கணக்கில் வரவில்லை. விளைவு, மேல் அலைவரிசையில் ஒரு மேடு, வயலினும் ஜால்ராவும் கூர்மையாகக் குத்தும். அதனால் இங்கே குறைந்த கெபாசிட்டன்ஸ் உள்ள, நல்ல ஷீல்டு உள்ள கேபிளாகத் தேடி, முடிந்தவரை குட்டையாக வாங்குங்கள், இடது வலது இரண்டுக்கும் ஒரே வகைக் கேபிளாக. மற்ற கேபிள்கள் வேறு கம்பெனியாக இருப்பதால் இதற்கு எந்தக் குறையும் வராது. சிடி பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வரும் ஒரு மீட்டர் ஆர்சிஏவுக்கு இவ்வளவு யோசிக்கவேண்டாம், ஷீல்டும் பிளக்கும் ஒழுங்காக இருந்தால் சரி.

அப்போ கம்பெனி சொல்லும் கேபிளையே போடவேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. நைம் நிறுவனத்தின் பழைய பவர் ஆம்ப்களில் வெளியீட்டில் வழக்கமாக வரும் காயில் (கம்பிச்சுருள்) கிடையாது, அந்த வேலையைக் கேபிளின் இண்டக்டன்ஸிடமே விட்டிருந்தார்கள், அதனால் அவர்களுடைய நாக்ஏ5 கேபிள், பக்கத்துக்குக் குறைந்தது 3.5 மீட்டர் என்று சொன்னதில் நியாயம் உண்டு, அந்த ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு நடப்பது நல்லது. கோயர்ட்ஸ் பிராண்டு மாதிரி தட்டையான கேபிள்களில் இதற்கு நேரெதிர், கெபாசிட்டன்ஸ் மிக அதிகம், சில ஆம்ப்கள் தடுமாறி ஊசலாட ஆரம்பிக்கும். கவனியுங்கள், இரண்டிலும் பொருத்தம் பார்ப்பது ஆம்ப்புக்கும் கேபிளுக்கும் இடையில், ஒரு கேபிளுக்கும் இன்னொரு கேபிளுக்கும் இடையில் இல்லை.

டிவியிலிருந்து ரிசீவருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐக்கு பிராண்டை விட சான்றிதழ் ஸ்டிக்கர் முக்கியம், 48 ஜிகாபிட் வேண்டுமென்றால் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று போட்டிருக்கவேண்டும்.

ஆன்லைனில் மலிவாக வரும் ஸ்பீக்கர் வயரில் மட்டும் ஜாக்கிரதை. பலதும் செம்பு பூசிய அலுமினியம், அதில் 2.5 என்று போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட 1.6 செம்புக்குத்தான் சமம். வாங்கியதும் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.