ஹட்டன் ஈரத்தில் ஓர் ஒலி அட்டை: பல வருடங்கள் பாவித்த பிறகு

பண்டாரவளையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், தன் கணினியில் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது, புதிய ஒலி அட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பார்த்த மாத்திரத்திலேயே "சவுண்ட் கார்ட் போய்விட்டது சேர்" என்று சொல்லிவிட்டாராம். நண்பரிடமும் என்னிடமும் இருப்பது ஒரே ரகம்: ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினி, மதர்போர்டிலேயே பதித்த ஒலிச் சிப், பின்புறம் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று மூன்று துளைகள். அதை ஹட்டனுக்குப் பக்கத்தில், வெயில் முகம் காண்பதே அருமையான ஒரு வீட்டில் வைத்துப் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். ஆகவே அவருக்கு என் பதில்: பொறுங்கள், இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்குக் கணினியில் ஒலி என்பது பாட்டுக் கேட்பதோடு முடிகிற காரியம் அல்ல. மன்மதன் எரிந்ததையும் அவன் மனைவி இரதி புலம்புவதையும் பாடி ஆடுவது காமன் கூத்து. என் பெரியப்பா அதில் பாடியவர். மாசி மாதத்தில் அவரும் கூட்டாளிகளும் தப்புப் பறை அதிர விடிய விடியப் பாடியதை அந்தக் காலத்தில் ஒருவர் டேப் ரெக்கோர்டரில் பிடித்து வைத்தார். அந்தக் கசெட்டுகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. இந்த ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கிறது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் குறைந்து வருகிறார்கள். என்னிடம் உள்ளவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. கெட்டுப்போவதற்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும்.

இந்த வேலையில் அந்த நீலத் துளை செய்த உபகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பெயர் லைன் இன். கசெட்டை ஓடவிடும் டேப் டெக்கிலிருந்து வரும் ஒலியை இடம், வலம் இரண்டு தடமாகவும், சிதைக்காமலும் வாங்கிக்கொள்வதற்கென்றே அது இருக்கிறது. பலர் கம்பியை இளஞ்சிவப்புத் துளையில் சொருகிவிட்டு "கர்புர் என்று கேட்கிறது, ஒலி அட்டை பழுது" என்கிறார்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. இளஞ்சிவப்புத் துளை அதைப் பல மடங்கு பெருக்கத்தான் அமைந்திருக்கிறது. டெக்கின் வெளியீடு ஏறத்தாழ 0.3 வோல்ட். அதை அங்கே கொடுத்தால் குரல் உடையாமல் என்ன செய்யும்? பழைய மதர்போர்டுகளில் இந்த நீலத் துளை சர்வசாதாரணம். இன்றைய மடிக்கணினிகளில் அதைத் தேடினாலும் கிடைக்காது. அந்த வகையில் என் பழைய பெட்டி எனக்கு ஒரு பொக்கிஷம்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். அந்த உறுமல்!

பெரியப்பாவின் குரலுக்கு அடியில் "ம்ம்ம்" என்று விடாமல் ஓர் ஒலி.  டெக்கிலிருந்து வரும் கம்பியைக் கழற்றினால் மறையும், சொருகினால் திரும்ப வரும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கேட்பது அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். ஒலிச் சிப்புக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைப் பரிசோதிக்கச் செலவே வேண்டாம். மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி, சார்ஜரைக் கழற்றிவிட்டு பெட்டரியில் ஓடவிட்டு, அதே ஸ்பீக்கரில் பாட்டுப் போடுங்கள். உறுமல் இல்லையென்றால் குற்றவாளி பெரும்பாலும் மின்சார வழியில்தான் இருக்கிறான்.

கணினியின் இரும்புப் பெட்டியைப் புறங்கையால் தொடும்போது சுருக்கென்று கூசுகிறதா? அப்படியானால் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் இணைப்பு இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக மின்சாரம் வரும் லைன் கம்பியிலிருந்தும் திரும்பும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு கபாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் கம்பி அறுந்திருந்தால் அவை இரண்டுக்கும் நடுவில் பெட்டி மின்னழுத்தத்தில் பாதியில், அதாவது ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால்தான் கூச்சத்தோடு போகிறது. கான் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் லயத்து வாசலில் ஏறுவதைப் போல, தரைக்கு இறங்க வழியில்லாத அந்த மின்சாரம் ஒலிக் கம்பியின் உறை வழியாக டெக்குக்குப் போகிறது. போகும் வழியில் பாட்டோடு கலந்துவிடுகிறது.

நான் பார்த்த தோட்டத்து வீடுகள் பலவற்றில் நிலைமை இதுதான். பழைய வயரிங்கில் இரண்டு கம்பிகள் மட்டும் ஓடும். எர்த்துக்கான மூன்றாவது துளை சுவரில் அலங்காரத்துக்கு இருக்கும். சதுர முள் பிளக்கை உருண்டை முள் துளையில் போடுவதற்கு விற்கப்படும் மலிவான அடப்டர்களில் பல எர்த்தைக் கடத்துவதே இல்லை. இது ஒலி நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி மட்டும் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. பெட்டிக்குள் லைன் கம்பி ஒன்று கழன்று உடலில் பட்டால் அதைத் தரைக்கு இறக்க எர்த்தைத் தவிர வேறு நாதி இல்லை. "எர்த் முள்ளை உடைத்துவிடு, உறுமல் போய்விடும்" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கவே கூடாது. கேட்டுச் செய்துவிட்டவர்கள் இன்றைக்கே அந்தப் பிளக்கைத் தூக்கி எறிய வேண்டும்.

எங்கள் வீட்டில் மின்வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, எர்த் கம்பி இறக்கி, வீட்டின் மின்சார மெயின் போர்டிலிருந்து கணினி மேசை வரை மூன்றாவது கம்பியை இழுத்து, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்தோம். பாறை நிலத்தில் கம்பி இறங்க மறுத்தது, வீட்டின் பின்புறம் தண்ணீர் ஊறும் இடத்தில்தான் ஒழுங்காக இறங்கியது. உறுமல் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மீதியும், டெக்கையும் கணினியையும் ஒரே மல்டி ப்ளக்கில் கொடுத்தவுடன் அடங்கியது. இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி, நடுவில் ஒலிக் கம்பியும் ஓடினால் அதுவே ஒரு வளையமாகி உறுமும். இதற்கென்று, ஒலியை மட்டும் விட்டு அந்த வளையத்தை வெட்டும், ட்ரான்ஸ்போமர் வைத்த சின்ன ஐசோலேட்டர் விற்கிறார்கள். அதுவும் உதவும், ஆனால் மலிவான ரகத்தில் தப்பின் அடித்தொனி மெலிந்துவிடுகிறது. தப்பு மெலிந்த காமன் கூத்து எனக்கு எதற்கு?

அடுத்த தொல்லை ஈரம். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் எங்கள் சரிவில் துணி காயாது. அந்த நேரத்தில் ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகும். சற்று நேரத்தில் தானாகவே பேசும். காரணம் கணினியின் முன்பக்கத்து ஹெட்போன் துளை. ஏதாவது சொருகப்பட்டிருக்கிறதா என்று கணினிக்குச் சொல்ல அதற்குள் ஒரு மெல்லிய தொடுதகடு இருக்கிறது. ஈரத்தில் அது களிம்பேறிவிட்டால், எதுவும் சொருகாமலே சொருகியதாகப் பொய்த் தகவல் போகும். கணினி அதை நம்பிப் பின்புற ஸ்பீக்கரை அணைத்துவிடும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் ஒரு துளி தொட்ட பிளக்கை மெல்லச் சொருகிச் சொருகி எடுத்தால் துப்புரவாகும், கணினி அணைந்திருக்கும்போது மட்டும். ரியல்டெக் சிப் உள்ளவர்கள் அதன் மேலாண்மைச் செயலியில் முன்பக்கத் துளையைக் கண்டறிவதை நிறுத்தும் தெரிவு இருந்தால் அதைப் பாவிக்கலாம். கணினியைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். அதே மாதங்களில் பண்டாரவளை காய்ந்து கிடக்கும். நண்பருக்கு இந்தத் தொல்லை வந்தால் வடகிழக்குப் பருவத்தில்தான் வரும்.

மென்பொருள் பக்கம் எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றே ஒன்று. பதிவு செய்யும்போது இரைச்சலைக் குறைப்பதாகச் சொல்லும் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்'. அது மனிதர் பேசும் குரலுக்காகச் செய்யப்பட்டது. தப்பின் அடியை இரைச்சல் என்று முடிவு செய்து விழுங்கிவிடுகிறது. பெரியப்பா மூச்சு வாங்கும் இடத்தில் ஒலியைக் கீழே இழுத்து, அடுத்த அடியில் தூக்கிப் போடுகிறது. பதிவுக் கருவியின் பண்புகளுக்குள் போய் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். ஒலி அமைப்புச் சாளரத்தின் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பகுதியில், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது என்பதுதான் விண்டோஸில் ஆரம்பத் தெரிவாக இருக்கிறது. அதையும் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ கம்பியில் திரையைப் பொருத்தியவுடன் ஒலியே இல்லாமல் போனவர்கள், கணினி ஸ்பீக்கர் இல்லாத அந்தத் திரைக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

யூஎஸ்பியில் சொருகும் விரல் அளவு ஒலி அட்டை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் பெரிய பொருள் எதுவும் வாங்கக் கூடவில்லை. இது ஒன்றுதான் கைக்கு எட்டியது. நியாயமாகச் சொன்னால் நல்ல பொருள். பிள்ளைகளின் இணைய வகுப்புக்கு மைக் தெளிவாக இருந்தது. ஈரத்தில் இன்றுவரை ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. ஆனால் அதில் மைக் துளை மட்டுமே உண்டு, அதுவும் ஒற்றைத் தடம். கசெட்டுக்கு உதவாது. வேறொரு யூஎஸ்பி துளையில் சொருகினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக எடுத்துக்கொள்கிறது, ஒலி அளவு முதலிய அத்தனையையும் திரும்ப அமைக்க வேண்டும்.

அப்படியானால் நீலத் துளை உள்ள என் பழைய போர்டை நான் பரிந்துரைக்கிறேனா? இல்லை. இவ்வளவு செய்தும், ஹார்ட் டிஸ்க் சுழன்று எழுதும்போது வலப்பக்கத்தில் மட்டும் ஊசி போன்ற ஒரு கீச்சொலி மிச்சமிருக்கிறது. மௌசை நகர்த்தினால் அதுவும் சேர்ந்து நகரும். எர்த்துக்கும் ஈரத்துக்கும் அதில் பங்கில்லை. அது மதர்போர்டுக்குள்ளேயே, சிப்புக்குப் போகும் மின்வழி சரியாகப் பிரிக்கப்படாததால் வருவது. பகலில் பாட்டுக் கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. இரதியின் ஒப்பாரியில் பெரியப்பா குரலைத் தாழ்த்தும் இடங்களில் எனக்குத் தெரிகிறது, ஒவ்வொரு முறையும் தெரிகிறது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு தட லைன் இன் உள்ள, கணினிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் யூஎஸ்பி ஒலிப் பெட்டி ஒன்று வாங்கக் காசு சேர்த்து வருகிறேன். வாங்கியதும் முக்கியமான கசெட்டுகளை முதலிலிருந்து திரும்ப ஏற்றுவேன். நண்பருக்கு அந்தச் செலவு தேவையில்லை. அவர் பாட்டுக் கேட்கத்தான் போகிறார். கடைக்காரருக்குக் கொடுக்க இருந்த காசில் பாதியை மின்வேலை செய்பவருக்குக் கொடுத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லட்டும்.