கேரவனில் ஹாம் ரேடியோ: கூரையில் மோட்டார் ஆன்டெனாவா, கம்பமும் வயருமா?

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி அதில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ரிக், அதாவது பேசவும் கேட்கவும் உள்ள ரேடியோப் பெட்டி, வாங்கலாம் என்றுதான். ஐகாம் 7300, யேசு 891 இரண்டும் 100 வாட் கொடுக்கும். கையில் இருக்கும் காசுக்கும் டேஷ்போர்டில் இருக்கும் இடத்துக்கும் ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம். பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் தடிமனான கேபிள் நேராக பேட்டரியிலிருந்து வர வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். பக்கத்து ஊர்களோடு பேசும் 2 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளத்தை வைத்துச் சொல்லும் பெயர் இது) கூரையில் ஒரு சின்ன விப், அதாவது குச்சி ஆன்டெனா, போதும். இதிலெல்லாம் பெரிய விவாதம் கிடையாது.

விவாதம் தூரத்து ஊர்களோடு பேசும் ஹெச்.எஃப். (குறும் அலை) ஆன்டெனாவில்தான். கூரையிலோ பின்பக்கமோ நிரந்தரமாக மாட்டும் மோட்டார் ஆன்டெனா ஒரு வழி. ஹாம்கள் இதை ஸ்க்ரூடிரைவர் ஆன்டெனா என்பார்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் ஃபைபர் கம்பத்தை நிமிர்த்தி, அதில் வயரைத் தொங்கவிடுவது இன்னொரு வழி. என் வண்டியில் இருப்பது கம்பமும் வயரும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் சுற்றுகிறவர்களுக்கு இதையேதான் சொல்வேன்.

மோட்டார் ஆன்டெனாவின் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்தில் பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றி, காயிலின் நீளம் மாறி, 40 மீட்டர் பேண்டிலிருந்து 20 மீட்டர் பேண்டுக்குத் தாவிவிடலாம். ஓடும் வண்டியில் பேண்டை மாற்றி மாற்றிப் பேச இது உருப்படியான வழி. ஆனால் 40 மீட்டரில் இரண்டரை மீட்டர் விப் என்பது மிகக் குட்டையான ஆன்டெனா. கொடுக்கும் 100 வாட்டில் பெரும்பகுதி காயிலிலும் தரை (எர்த்) இழப்பிலும் சூடாகப் போய்விடும். பத்தில் ஒரு பங்கோ, நன்றாக அமைத்தால் அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் வெளியே போகும். பாடி ஃபைபர் என்றால் இன்னும் மோசம், ஆன்டெனாவுக்கு அடியில் தரையாக இருக்க உலோகமே கிடையாது.

சரி, இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது உப்பு.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள் என்றால் அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்ததும் அதே பயத்தில்தான். ரயில் பாலத்துக்கே அந்த நிலைமை என்றால், கூரைமேல் இரவும் பகலும் நிற்கும் ஒரு காயிலும் மோட்டாரும் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைக் கீழக்கரையில் நண்பர் ஒருவரின் வண்டியில் கிட்டத்தில் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) ஒரு நாள் ஒன்றரை, மறுநாள் நான்கு என்று ஆடுகிறது என்று கூப்பிட்டார். அடிமூடியைத் திறந்து குழாயைக் கழற்றினோம். காயிலின் சுற்றுகளைத் தொட்டுக்கொண்டு நகர வேண்டிய செம்புக் கலவை விரல்கள் பச்சை பூத்திருந்தன. அலுமினியக் குழாயும் ஸ்டீல் போல்ட்டும் சேரும் இடத்தில் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி. ஆன்டெனாவின் அடியைப் பாடியோடு சேர்க்கும் பின்னல் செம்புப் பட்டையை விரலால் நெருடினால் இழை இழையாக உதிர்ந்தது. பட்டை பழுதானால் ஆன்டெனாவுக்குத் தரை பழுது. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்பு ஈரம் போனால் அது ஒரு குட்டி பேட்டரி. ஒரு உலோகம் கரைந்துகொண்டே இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் காற்றில் வரும் பொடி மணல் இதோடு சேர்ந்தால் அந்த விரல்களும் மோட்டாரும் அரைபடுகின்றன.

வாரா வாரம் கழுவினால் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. எதில் கழுவுவது? குடிதண்ணீரைக் குடம் குடமாகத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் மாவட்டம் இது. பல கிராமங்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசுகிறோம். கேரவன் தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்கும்தான் காணும். நான் வயரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்: இறக்கிச் சுற்றும்போது ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வயர் சுத்தம், ஒரு குவளைத் தண்ணீர் போதும். பேசி முடித்ததும் எல்லாம் வண்டிக்குள் போய்விடும். உப்புக் காற்று அதைத் தொடுவது நான் பேசும் நேரம் மட்டும்தான்.

என் ஏற்பாடு இவ்வளவுதான். பத்து மீட்டர் ஃபைபர் கம்பம், பி.வி.சி. உறை போட்ட 20 மீட்டர் வயர், வயரை ரிக்கோடு பொருத்த, பிளாஸ்டிக் பெட்டிக்குள் 49-க்கு 1 ட்ரான்ஸ்ஃபார்மர். வெல்டிங் பட்டறையில் ஒரு கனமான தகட்டில் குழாய் பற்றவைத்து வாங்கி, தகட்டின்மேல் பின் டயரை ஏற்றி நிறுத்திவிட்டால் கம்பம் அதில் நிற்கும். இழுத்துக் கட்ட, மீன்வலைச் சாமான் கடையில் கிடைக்கும் நைலான் கயிறு. தென்னை மட்டைமேல் கயிற்றை வீச அதே கடையின் ஈயக்குண்டு. ஊரில் கிடைக்கும் பொருளிலேயே இதைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. மோட்டார் ஆன்டெனாவின் ஒரு பாகம் போனால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வயரின் நுனி அரித்தால் ஒரு விரற்கடை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் முடிந்தது. ரிக்கையும் ஆன்டெனாவையும் சேர்க்கும் கோஆக்ஸ் கேபிளின் இணைப்புக்கு மட்டும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைத் தவறாமல் சுற்றுங்கள். கேபிளுக்குள் ஈரம் ஏறிவிட்டால் பின்னல் கறுத்துக்கொண்டே உள்ளே போகும்.

அரியமான் சவுக்குத் தோப்பில் நிறுத்தி, வயரைக் கம்பத்தின் உச்சியில் மடக்கித் தலைகீழ் 'வி'யாகப் போட்டால், 40 மீட்டரில் அலை மேல்நோக்கிப் போய், வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் மதுரை, கோவை, சென்னை எல்லாம் பக்கத்து வீடு போலக் கேட்கும். வெளிநாடு பேச வேண்டுமா, அதே கம்பத்தில் ஐந்து மீட்டர் வயரைச் செங்குத்தாகக் கட்டி, அதற்குத் தரையாக மணலில் நாலைந்து ரேடியல் வயர்களை (அடியிலிருந்து சுற்றிலும் விரியும் வயர்கள்) விரித்தால் 20 மீட்டர் தயார். உப்புநீர் சாதாரண நிலத்தைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் செங்குத்து ஆன்டெனாவின் அலை அடிவானத்தை ஒட்டியே வெகுதூரம் போகும். இந்த லாபம் மோட்டார் ஆன்டெனாவுக்கும் உண்டு. அரிச்சல்முனைச் சாலை மாதிரி இருபுறமும் கடல் இருக்கும் இடத்தில் அது நன்றாகவே பேசும். மற்ற இடங்களில் வண்டி ரோட்டில் நிற்கும், கடல் தள்ளி இருக்கும். என் கம்பத்தை நான் கோஆக்ஸோடு தண்ணீர் ஓரம்வரை கொண்டுபோய்விடுவேன்.

பேண்டுக்கு ஒன்றாக வரும் ஒற்றை விப்கள் மூன்றாவது வழி. விலை குறைவு, கழற்றி உள்ளே வைக்கலாம். ஆனால் பேண்டு மாற்ற ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டும், 40 மீட்டரில் அதே குட்டை ஆன்டெனாவின் பலவீனம். அதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் இதற்குமேல் சொல்லப் போவதில்லை.

கம்பத்துக்கும் குறை உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் இரண்டு துண்டை நீட்டாமல் விடுகிறேன். மூட்டுகளில் மணல் புகுந்தால் இறுகிவிடும், துடைத்த பிறகுதான் மடக்க வேண்டும். வெயிலில் ஃபைபர் பொரிந்து கையில் சிலும்பு ஏறும் என்பார்கள்; என் கம்பம் இன்னும் அந்த வயதை எட்டவில்லை. இடி முழங்கினால் உடனே இறக்கியே ஆக வேண்டும். பலத்த காற்றில் கம்பத்தை நிமிர்த்தவே முடியாது, கூரையில் இருப்பது அப்போதும் நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் வயரை ஆள் உயரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினாலும் 40 மீட்டரில் அக்கம்பக்கத்து மாவட்டங்களோடு பேசலாம். சாதாரண நாளில் பேசியிருக்கிறேன், புயல் நாளில் சோதித்ததில்லை.

வண்டியை விற்கும்போது கூரையில் துளை இல்லை என்பதும் நல்லதுதான். துளை இருந்தால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும், வாங்க வருபவரும் அங்கேதான் விரலை வைப்பார்.

ஓட்டிக்கொண்டே பேசுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் மோட்டார் ஆன்டெனாவையே வாங்குங்கள். வண்டி நிற்கும்போதெல்லாம் அதற்கு உறை போடுங்கள், ஊர் திரும்பியதும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எதை மாட்டினாலும் உரிமத்தின் அசல் வண்டியில் இருக்கட்டும். எல்லைக் கடல் பக்கம் கம்பத்தையோ ஆன்டெனாவையோ பார்த்தால் கடலோரக் காவல் போலீஸ் வந்து விசாரிப்பார்கள். உரிமத்தைக் காட்டி, ரிக்கைப் போட்டுக் கேட்க வைத்தால் போதும்.