பாட்டில் குறையில்லை, விசில்தான் தாங்கவில்லை

மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி ஒலியைப் பெருக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று பெரியபட்டினத்திலிருந்து மச்சான் கேட்டிருக்கிறார். டிபிஏ3255 சிப் போட்ட, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி. கீழக்கரையில் எங்கள் வீட்டில் அது மழைக்காலங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வாட் கணக்கெல்லாம் மச்சானுக்கே தெரியும். பெட்டியில் 300+300 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கூட வரும் அடாப்டரோ 48 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 240. மீதி வாட் எந்தக் கடலிலிருந்து வருகிறதோ! வீட்டுக் கூடத்துக்குப் பத்து வாட்டே தாராளம் என்பதால் இந்தப் பொய்யை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது விசில்.

வாப்பா இன்னும் ரேடியோவில் மீடியம் வேவ் நிலையங்கள் கேட்பவர். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197, இரவானால் இலங்கை. கடல்நீரின் மேலே வரும்போது அந்த அலைகள் அதிகம் தேய்வதில்லை என்பதால், எங்கள் கரையில் கிடைக்கும் தெளிவே தனி. ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொடுத்த நொடியில் 1197இல் ‘கீ’ என்று ஒன்று ஏறிக்கொள்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இறங்காது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் எங்கள் ஆம்ப்ளிஃபையர் வினாடிக்குச் சுமார் ஆறு லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அதாவது 600 கிலோஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 1200. திருநெல்வேலிக்கும் அதற்கும் மூன்றே கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டும் உரசும்போது பிறப்பதுதான் அந்த விசில். வெளியேறும் இடத்தில் இருக்கும் கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகின்றன. மிச்சம் ஸ்பீக்கர் ஒயருக்குள் போகிறது, ஒயர் ஆன்டெனா ஆகிவிடுகிறது.

செய்யாத வைத்தியம் இல்லை. ஒயரின் நீளத்தைக் குறைத்தேன், இரண்டு இழைகளையும் முறுக்கினேன், இரைச்சலை அடக்கும் பெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தை ஒயரில் மாட்டினேன். விசில் தணிந்ததே தவிரப் போகவில்லை. ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் பெரைட் கம்பியின் முனை ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தால் பெரும்பாலும் அடங்குகிறது. ஆனால் வாப்பா ரேடியோவை ஒரு கோணத்தில் வைத்து அதன் முன்னால் உட்காருகிறவர் அல்லர். காதோரம் பிடித்தபடி வீடு முழுக்க நடப்பவர். “அதை முதலில் அணைத்துத் தொலை” என்ற குரல் கூடத்துக்கு வந்துவிடும்.

என் கோபம் சிப்பின் மேல் இல்லை. அதைச் செய்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கிறது. ரேடியோவுக்கு வழிவிட்டு ஒதுங்குவதற்கென்றே 500, 450 கிலோஹெர்ட்ஸிலும் ஓட வசதி வைத்திருக்கிறார்கள்; ஒரு ரெசிஸ்டரின் அளவை மாற்றினால் போதும். 450 என்றால் இரட்டிப்பு 900, மும்மடங்கு 1350. தூத்துக்குடியும் பிழைக்கும், திருநெல்வேலியும் பிழைக்கும். பெட்டியைச் சேர்த்து விற்கிறவர் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கலாம். முன்பக்கத்து நீல விளக்குக்கு மட்டும் காசு இருந்திருக்கிறது.

திட்டி முடித்தாயிற்று, நியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய ஆம்ப்ளிஃபையர், அதிகம் சூடாகும் கிளாஸ் ஏபி வகை, சூட்டை வெளியேற்ற மேலும் கீழும் துளைகளோடு இருந்தது. அந்தத் துளைகள் வழியாகவே உப்புக்காற்று புகுந்து சர்க்யூட் போர்டு பச்சை பூத்துச் செத்தது. இந்தப் புதுப் பெட்டி முழு பலத்தில் ஓடும்போதுகூட 90 சதவீத மின்சாரத்தை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடுகிறது. சூடு குறைவு, அதனால் துளையும் குறைவு. உள்ளே திறந்து பார்த்தேன், போர்டு புதிதாகவே இருக்கிறது. உப்பு தின்றது வெளியே இருந்த பிளக் முனைகளையும் அடாப்டரையும்தான்.

அடாப்டர் ஐப்பசி மழையில் போனது. புதியது வரும்வரை இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டினேன். கணக்குப்படி 8 ஓம் ஸ்பீக்கரில் அதிகபட்சம் 36 வாட். மின்சாரம் போன இரவில் நாகூர் ஹனீபாவின் குரல், பின்னால் ஒரு துளி இரைச்சல் இல்லாமல், கூடத்தை நிறைத்ததைக் கேட்டுவிட்டு என்னால் இந்தப் பெட்டியை வெறுக்க முடியவில்லை. ரேடியோவில் விசில் மட்டும் பேட்டரியிலும் இருந்தது. அடாப்டர் மேல் போட்டிருந்த பழியை அன்றே எடுத்துவிட்டேன்.

இந்த விலைக்கு இதைவிட நல்ல ஒலியை நான் கேட்டதில்லை, என்னுடையதை விற்கவும் மாட்டேன். மச்சானுக்கு என் பதில், வேண்டாம். அந்த வீட்டில் மாமியும் காலையில் ரேடியோ கேட்பவர். வாப்பாவிடம் திட்டு வாங்கிப் பழகிவிட்டது. மாமியிடம் வாங்க எனக்குத் தெம்பில்லை.