படங்கள் வந்தன, குறிப்புகள் வரவில்லை: வேர்ட்பிரஸுக்கு மாறி மூன்று ஆண்டுகள்

கோத்தகிரியில் பதினாறு ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். கல்யாணம், ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களா, தேயிலைத் தொழிற்சாலை என்று பிழைப்புக்கு எடுப்பது ஒரு பக்கம். லாங்வுட் சோலைப் பறவைகள், கோடநாடு காட்சிமுனையின் மூடுபனி, பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா என்று மனசுக்காக எடுப்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே இணையதளத்தில்தான் இருக்கின்றன. 2022 ஜூனில் அந்தத் தளத்தை, சந்தா கட்டி நடத்தும் ஒரு வெளிநாட்டுச் சேவையிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். மூன்று மழைக்காலம் போய்விட்டது. இனி நம்பிக்கையோடு நல்லது கெட்டது சொல்லலாம்.

மாறியதற்குக் காரணம் பணம் கழிந்த விதம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் புது விதி நடைமுறைக்கு வந்தது. அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் அப்போது ஒவ்வொரு முறையும் ஓடிபி போட்டு நாமே சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆண்டுச் சந்தா டாலரில், அந்த வரம்புக்கு மேலே. அடுத்த ஏப்ரலில் அது கழியவில்லை. சேவையிலிருந்து வந்த எச்சரிக்கை மடல் விளம்பர மடல்களோடு போய் விழுந்திருந்தது. சீசன் நேரத்தில் தளம் நான்கு நாள் மூடிக் கிடந்தது. மலர்க் கண்காட்சிக்கு முன்னால் படம் எடுக்க ஆள் தேடிய இரண்டு ஹோம்ஸ்டேக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். பணம் கட்டியதும் தளம் திறந்தது, ஆனால் எனக்கு அங்கே இருக்க மனம் வரவில்லை.

வேர்ட்பிரஸ் 2003இலிருந்து இருக்கும், இணையதளம் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். அந்தப் பெயரில் ஒரு கட்டணச் சேவையும் இருக்கிறது. நான் சொல்வது அதை அல்ல. மென்பொருளை இறக்கி, நாம் வாடகைக்கு எடுத்த வழங்கியில் (சர்வரில்) நாமே நிறுவிக்கொள்வது. குன்னூரில் இணையதள வேலை பார்க்கும் ஒரு தம்பி உதவிக்கு வந்தான். படம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு.

“அண்ணா, பழைய பக்கத்தோட முகவரி எல்லாத்தையும் முதல்ல ஒரு எக்செல்ல போடுங்க. படம் உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, எங்கயும் போகாது. முகவரி போச்சுன்னா தேடி வர்றவங்க வாசல்லயே நிப்பாங்க.”

அவன் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட்டோம். ‘301’ என்று சொல்லும் நிரந்தர வழிமாற்று அது. ரீடைரெக்‌ஷன் என்ற இலவசச் செருகுநிரல் (பிளகின்) போதும். அப்படியும் இரண்டு மாதம் கூகுள் வழியாக வருகிறவர்கள் குறைந்து, அப்புறம்தான் பழைய நிலைக்கு வந்தது. இந்த வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் இன்னும் எடுக்கவில்லை. ஹோம்ஸ்டேக்காரர்கள் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களில் பழைய முகவரிதான் இருக்கிறது.

பழைய சேவை ஏற்றுமதி என்று ஒரு கோப்பைத் தந்தது. அதில் எழுத்துப் பக்கங்கள் வந்தன, படத்தொகுப்புகள் வரவில்லை. சுமார் 1,900 படங்களின் மூலக்கோப்பு என்னிடமே இருந்ததால் கலங்கவில்லை. புதுத் தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றி, பழைய கணக்கை மூடிய பிறகுதான் புரிந்தது: ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் எழுதியிருந்த குறிப்பு வரவில்லை. எந்த ஹட்டி (படகர் ஊர்), எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்பதெல்லாம் அந்தச் சேவையின் பெட்டிக்குள் தட்டச்சு செய்தது. என் கோப்பில் அது ஒரு வரிகூட இல்லை.

அதன் வலி அடுத்த ஆண்டு தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு படகர் வீட்டுப் பையன் போனில் கூப்பிட்டான். “எங்க ஹெத்தெ படம் உங்க தளத்துல இருந்துச்சுங்ணா. பேர் போட்டுத் தேடினா வருமே, இப்ப வரலையே.” ஹெத்தெ என்றால் படகர் பேச்சில் பாட்டி. அவர் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. திருவிழாவில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த பாட்டி என்று மட்டும் சொன்னான். அந்தத் திருவிழாவில் எல்லோருமே வெள்ளைதான் உடுத்தியிருப்பார்கள். இரவு முழுக்க அறுநூறு படங்களைப் புரட்டி, நான்கு பாட்டிகளின் படங்களை அனுப்பினேன். மூன்றாவது படம் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து குறிப்பைத் தளத்தில் எழுதுவதில்லை, படக்கோப்புக்குள்ளேயே எழுதுகிறேன். ஐபிடிசி என்ற தகவல் பகுதி ஜேபெக் கோப்பிலேயே இருக்கிறது. லைட்ரூமில் எழுதலாம், இலவச டிஜிகாமிலும் எழுதலாம். வேர்ட்பிரஸிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: படத்தை ஏற்றும்போதே அந்தக் குறிப்பைப் படித்து, படக்குறிப்புக்கான இடத்தில் தானே போட்டுவிடுகிறது. தமிழும் சிதையாமல் வருகிறது. நாளைக்கு வேறு எங்கே மாறினாலும் குறிப்பு படத்தோடு கூடவே வரும். 2024 ஜனவரியில் லாங்வுட் சோலை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது தமிழில் தேடி என் தளத்துக்கு வந்தவர்கள் அதிகம். அந்தப் படங்களுக்கு மட்டும்தான் அப்போது குறிப்புகளைத் திரும்ப எழுதி முடித்திருந்தேன்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒன்று. வேர்ட்பிரஸ் பக்கத்தின் தலைப்பையே முகவரியாக்கும், அதற்கு வரம்பு 200 இடங்கள். நம் எழுத்தில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்; முகவரியில் அது சதவீதக் குறியோடு ஒன்பது இடத்தை அடைக்கும். மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. ‘பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா’ என்று வைத்தால் முகவரி ‘திரு’வோடு நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள். இப்போது தலைப்பு தமிழில், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கையால் சுருக்கி எழுதுகிறேன்.

நிறத்தில்தான் அதிகம் அவதிப்பட்டேன். ஏற்றிய முதல் வாரம் தேயிலைத் தோட்டப் படங்கள் எல்லாம் வாடிப்போன கீரை மாதிரி தெரிந்தன. நான் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமித்திருந்தேன். வழங்கியில் படத்தைச் சுருக்கிய ஜிடி என்ற நிரல், எந்த நிற அமைப்பு என்று சொல்லக் கூடவே இருக்கும் கலர் புரொஃபைலை விட்டுவிடும். உலாவி அதை இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும், பச்சை செத்துவிடும். வழங்கிக்காரரிடம் கேட்டு, அதற்குப் பதில் இமேஜ்மேஜிக் என்ற நிரலை இயக்கினேன், இணையத்துக்கான படங்களை எஸ்ஆர்ஜிபியிலேயே சேமிக்கப் பழகினேன். மூடுபனிக்கு வேறு வைத்தியம். கோடநாட்டில் பனி மெல்ல வெளுத்து வானத்தோடு கலக்கும் இடத்தில் படிப்படியாகக் கோடு விழுந்தது. வேர்ட்பிரஸ் சுருக்கும் ஜேபெக்கின் தரம் இயல்பாக 82. அதை 92 ஆக்க ஒரே ஒரு வரி நிரல்; கோடு மறைந்தது. கோப்பு கனமானது உண்மை, ஆனாலும் எனக்குப் பனிதான் முக்கியம்.

இடம் வேகமாக நிறையும். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் பல அளவுகளில் நகல் எடுக்கிறது. மூலத்தோடு சேர்த்து எட்டுக் கோப்பு. 1,900 படத்துக்கு 15,000க்கு மேல். மலிவான வழங்கிகளில் கோப்பு எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நகல்கள் வீண் அல்ல. சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் வளைவில் நின்று போனில் பார்ப்பவருக்குச் சின்ன அளவுதான் போகிறது. நான் இப்போது நீளப்பக்கத்தை 2,048 பிக்சலாக்கியே ஏற்றுகிறேன்.

படத்தொகுப்புக்கென்று அழகான செருகுநிரல் ஒன்றை முதலில் போட்டேன். ஒன்றரை ஆண்டில் அதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எடுத்தபோது நாற்பது பக்கங்களில் படத்துக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் ஏதோ எழுத்து மட்டும் நின்றது. ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு வாரம் ஆனது. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து, தொட்டால் படம் பெரிதாகும் வசதி வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. அதன் பிறகு வெளி ஆளை நம்பவில்லை.

செலவைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காதீர்கள்; புதுப்பிக்கும்போது எனக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. அப்படியும் பழைய சந்தாவில் பாதிகூட இல்லை. ஆனால் மாதம் ஒரு மாலைப்பொழுது பதிப்பு புதுப்பிக்க, காப்பு எடுக்க என்று போகும். ஜூலைக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போனால் அதுவும் தள்ளிப்போகும். நாற்பது கல்யாணப் படம் காட்டினால் போதும், வேறு தலைவலி வேண்டாம் என்பவர் சந்தாச் சேவையிலேயே இருக்கலாம். பல ஆண்டுப் படங்களை ஊர்ப்பெயர், ஆள்பெயரோடு காப்பாற்ற நினைப்பவருக்கு நான் வேர்ட்பிரஸைத்தான் சொல்வேன்.

குறிப்பில்லாத படங்கள் இன்னும் முன்னூறுக்குமேல் இருக்கின்றன. வேலையில்லாத மழை நாட்களில் அவற்றை அந்தந்த ஹட்டிப் பெரியவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போன வாரம் ஒரு பெரியவரே போனை வாங்கிப் பேசினார். இடமிருந்து மூன்றாவதாக நிற்பது தன் தம்பி என்றார், அது 2011 திருவிழா என்றார். கேட்கக் கேட்க கோப்பிலேயே எழுதிவிட்டு, பிறகு ஏற்றினேன்.