கண்ணாடி வடிகலனோடு 3 ஆண்டுகள்: சுண்ணப் பாறை கரைப்பவரின் அனுபவம்

தருமபுரியில் சிறிய ஆய்வுக்கூடம் அமைக்கும் நண்பர் ஒருவர், விலை இறங்கியிருக்கிறதே, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் அந்தக் கண்ணாடி வடிகலனை வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கிருஷ்ணகிரியில் 3 ஆண்டுகளாக அதனோடு வேலை செய்பவன் என்ற முறையில், வடித்த நீரில் எஞ்சும் குளோரைடு என்ற குளோரின் உப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாமல்பட்டிப் பக்கத்துக் கார்பனடைட் என்ற சுண்ணப் பாறைகள் எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்பதை அறிய, அவற்றிலுள்ள குளோரின்-36 என்ற கதிரியக்க ஐசோடோப்பை அளக்க வேண்டும். குவார்ட்ஸ் உள்ள பாறையென்றால் பெரிலியம்-10ஐ நாடலாம். இங்கே எங்களுக்குக் கிடைப்பது கால்சியம் கார்பனேட்டாலான கால்சைட். காஸ்மிக் கதிர்கள் கால்சியம் அணுக்கருவை உடைக்கும்போது குளோரின்-36 உருவாகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 3,01,000 ஆண்டுகள். பாறையில் இயல்பாகவே இருக்கும் குளோரின்-35உம் நியூட்ரானை ஏற்று அதே ஐசோடோப்பாக மாறும் என்பதால், பாறையின் மொத்தக் குளோரினையும் துல்லியமாக அறிந்தாக வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட் நொடியில் கரையும் என்றாலும் அந்த அமிலத்திலேயே குளோரின் இருப்பதால், நைட்ரிக் அமிலத்தில்தான் கரைக்கிறோம்.

20 கிராம் பாறையில் குளோரின் பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால் மொத்தமே 0.4 மில்லிகிராம்தான். அதைக் கரைக்க ஏறத்தாழ அரை லிட்டர் நீர்த்த அமிலம் வேண்டும். அந்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே 0.5 மில்லிகிராம் உள்ளே வந்துவிடும். பாறை தந்ததைவிடத் தண்ணீர் தந்தது அதிகமாகிவிடும். அது எப்போதும் ஒரே அளவாக இருந்தால், பாறையில்லாத வெற்று மாதிரியை உடன் வைத்துக் கழித்துவிடலாம். நாளுக்கு நாள் மாறினால் கழிக்க வழியில்லை.

இந்தக் கலன் செய்வது அதைத்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டே வாரத்தில், நீரைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது. பிறகு நீர் அமைதியாகக் கொதிக்காமல் குதித்துக் கொதித்து, துளிகள் ஆவியோடு கழுத்தைத் தாண்டிவிடுகின்றன. சோதனைக் குழாயில் வடிநீர் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். நல்ல நாளில் ஒன்றும் தெரியாது. கெட்ட நாளில் சொட்டு இறங்கிய வழியே ஒரு புகை இழை தொங்கும்; நீரில் குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். அடியில் ஒரு திருகு குழாய் வைத்திருந்தால் தேங்கிய உப்புத் தண்ணீரை நாள்தோறும் வடித்துவிட்டிருக்கலாம். இப்போதோ தாங்கியைக் கழற்றி, கலனைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் காயில் எரிந்துபோனது. பழுது பார்க்க வந்தவர், நல்ல எண்ணத்தில்தான், குளியலறை கழுவும் ஆசிட்டால் கலனைப் பளிச்சென்று கழுவி வைத்தார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று நான் கேட்டறிவதற்குள் 6 மாதிரிகள் கரைந்து முடிந்திருந்தன. அந்த அமிலம் ஆவியாகி வடிநீரோடு சேர்ந்தே வரும். 12 முறை காய்ச்சிக் கொட்டிய பிறகே வெள்ளி நைட்ரேட் தெளிந்தது. அந்த 6 பாறைகளையும் மறுபடி பொடித்தோம். எதைக் கொண்டு கழுவக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. 3 ஆண்டுகளில் ஒரு கீறலும் விழவில்லை. வாரந்தோறும் சிட்ரிக் அமிலத்தில் காயிலை ஊறவைக்கத் தொடங்கிய பிறகு, அந்த ஆசிட் கழுவலுக்கு முன்புவரை, என் வெற்று மாதிரிகள் மிகச் சீராக வந்தன. இந்த விலைக்கு இதைவிட நல்ல நீர் தரும் கலனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். என்னுடையதை விற்கும் எண்ணமும் எனக்கில்லை. சாமல்பட்டியிலிருந்து வந்த 9 மாதிரிகள் மேசையில் காத்திருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு முன் நாளைக் காலை காயிலைக் கழற்ற வேண்டும்.