இவான் இலியிச்சுடன் ஒரு பேரீச்சம்பழக் கேக்

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வெளிவந்த குறுநாவல். பன்னிரண்டு அத்தியாயங்கள்தானே, ஒரே இருப்பில் முடித்துவிடலாம் என்று எடுப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பின்னேரங்களுக்குப் பிரித்து, பக்கத்தில் பேரீச்சம்பழக் கேக் ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஐசிங் வேண்டாம்.

ஏன் பேரீச்சம்பழம்? பத்தாம் அத்தியாயத்தில், படுக்கையோடு கிடக்கும் நீதிபதி இவான் இலியிச்சுக்கு அவித்த பிளம்ஸ் வற்றல் கொடுக்கிறார்கள். அதை நினைத்ததும் சிறுவயதில் தின்ற சுருங்கிய பிரெஞ்சு பிளம்ஸ், கொட்டையைச் சூப்பும்போது ஊறிய எச்சில், வளர்த்த தாதி, சகோதரன், விளையாட்டுச் சாமான் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. சாவைப் பற்றிய புத்தகத்தில் நாக்கு இவ்வளவு உயிரோடு பேசும் இடம் வேறில்லை. பிளம்ஸ் வற்றலைத் தேடி அலையத் தேவையில்லை. காத்தான்குடிக் கடைகளில் பேரீச்சம்பழம் கிடைக்கும். அமுக்கிக் கட்டிய மலிவான பழமே போதும், எப்படியும் மசிக்கத்தானே போகிறோம்.

கொட்டை நீக்கிய பழம் 250 கிராமைச் சின்னதாக வெட்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி தூவி, கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ 200 மில்லிலீற்றர் ஊற்றி மூடுங்கள். சோடா பழத்தோலை இளக்கும், கேக்கின் கடும் மண்ணிறமும் அதனால்தான். கூடிவிட்டால் சவர்க்கார வாடை அடிக்கும். ஆறியபின் முள்ளுக்கரண்டியால் அரைகுறையாக மசித்தால் போதும்.

பட்டர் 125 கிராம், சீனி 125 கிராம். எங்கள் பக்கத்து வெக்கையில் பிழை தொடங்குவது இங்கேதான். பட்டரை வெளியே வைத்து இளகவிடச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்கு எழுதியவை. சித்திரை, வைகாசியில் அப்படி மறந்துவிட்டால் எண்ணெயாகிவிடும். எண்ணெயான பட்டர் காற்றைப் பிடிக்காது, கேக் எழும்பாது. விரலால் அமத்தினால் பள்ளம் விழவேண்டும், விரல் மினுங்கக்கூடாது. அந்தப் பதத்தில் சீனியோடு வெளுக்கும்வரை அடித்து, இரண்டு முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை: இரண்டு தரம் அரித்து, பழக்கலவையோடு மாறிமாறி மரக்கரண்டியால் கலக்குங்கள். பழம் சூடாக இருந்தால் பட்டர் உருகிப் பிரியும். மா விழுந்தபின் பீட்டரைத் தொட்டால் கேக் இறப்பர் மாதிரி இழுபடும். கடைசியாக நறுக்கிய கஜு 50 கிராம்.

8 அங்குலத் தட்டில் ஒயில் பேப்பர் போட்டு, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 170 பாகை செல்சியசில் ஏறத்தாழ 45 நிமிடம். முதல் 35 நிமிடம் கதவைத் திறந்தால் நடுப்பகுதி அமர்ந்துவிடும். பிறகு ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈரமான துணிக்கை ஒட்டலாம், மாப்பசை ஒட்டக்கூடாது. சின்ன மேசை ஓவனில் மேல்பக்கம் முந்திக் கறுக்கும். 35 நிமிடத்துக்குப் பின் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

முதல் நாள் ஆறு அத்தியாயங்கள். நீதிமன்ற நண்பர்கள் பத்திரிகையில் இவான் இலியிச்சின் மரண அறிவித்தலைக் கண்டதும் அந்தப் பதவி யாருக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். செத்தவீட்டுப் பந்தலுக்குள் கதிரையில் இருந்து இடமாற்றமும் பதவி உயர்வும் பேசுகிறவர்களைப் பார்த்த எவருக்கும் இந்த அத்தியாயம் உறைக்கும். புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்கவேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறியவர் சறுக்கி, விலாவில் அடிபடுகிறார். நோவு அங்கிருந்து வளர்கிறது. வீட்டு அலங்காரத்தால் விழுந்தவரின் கதைக்கு ஐசிங் பொருந்தாது. மருத்துவரிடம் போகும் இடம் இன்னும் கூர்மை: குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் தான் காட்டிய அதே மிடுக்கை மருத்துவர் தன்னிடம் காட்டுவதை இந்த நீதிபதி காண்கிறார்.

இரண்டாம் நாள் கேக் ஈரம் பரவி இன்னும் மிருதுவாகியிருக்கும். ஏழாம் அத்தியாயமும் அன்றைக்குத்தான். வேலைக்காரப் பையன் கெராசிம் எசமானின் கால்களைத் தன் தோளில் தூக்கிவைத்து இரவிரவாக இருக்கிறான். நீங்கள் சுகமாகிவிடுவீர்கள் என்று எல்லோரும் நடிக்கிற வீட்டில் அவன் ஒருவன்தான் பொய் சொல்லாதவன். நாவலின் உச்சம் எங்களுக்கு இதுதான், கடைசிப் பக்கத்தில் சாகும்போது இவான் இலியிச் காணும் வெளிச்சம் அல்ல; அந்த வெளிச்சம் கொஞ்சம் அவசரமாக வந்துவிடுகிறது. மனைவி பிரஸ்கோவியாவுக்கும் டால்ஸ்டாய் நியாயம் செய்யவில்லை. அவள் மனதுக்குள் நம்மை இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

31ஆம் நாள் கழியாத வீட்டுக்கு இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கேக்கை மட்டும் கொடுங்கள், காற்றுப்புகாத டின்னில் மூன்று நாள் தாங்கும். வீட்டில் நோயாளி படுக்கையில் இருந்தால், பராமரிக்கிறவர் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் தனியே வாசிக்கட்டும்.