பத்துக்குப் பதினொன்னு ரூம்ல அட்மாஸ்: ஜேபிஎல்லா, நாய்மனா, ஜெனலெக்கா?

பெங்களூர் அல்சூர் பக்கம் வாடகை வீடு, பத்துக்குப் பதினொன்னு அடி பெட்ரூம், அதுல அட்மாஸ் (சத்தம் சுத்தியும் தலைக்கு மேலயும் வர்ற டால்பியோட சரவுண்ட் முறை) மிக்ஸ் பண்ண 7.1.4 போடணும், ஜேபிஎல், நாய்மன், ஜெனலெக்னு மூணு ஸ்பீக்கர் கம்பெனில எத வாங்கறதுன்னு ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டேன். 7.1.4-ன்னா காது மட்டத்துல ஏழு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர் (சப்), மேல நாலு, ஆக மொத்தம் பன்னண்டு சேனல். அட்மாஸ் மியூசிக் மிக்ஸுக்கு டால்பி சொல்ற குறைஞ்சபட்ச செட்டப் இதுதான்.

நிறைய பேர் முன்னாடி மூணு மட்டும் காஸ்ட்லியா வாங்கிட்டு மத்ததுக்கு கையில இருக்கறத மாட்டிக்கலாம்னு நினைக்கறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆனா ஒரு நாதஸ்வர டிராக்க முன்னாடியிலேர்ந்து தலைக்கு மேல நகர்த்தினப்ப பாதி வழியில வேற யாரோ வாங்கி வாசிக்கற மாதிரி டோனே மாறிடுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணேன், சப் தவிர மத்த பதினொன்னும் ஒரே குடும்பமா இருக்கணும்.

பட்ஜெட் கம்மின்னா ஜேபிஎல் 305பி மார்க் 2. அஞ்சு இன்ச் வூஃபர் (பேஸ் குடுக்கற கோன்), இந்த மூணுல விலை குறைவு இதுதான், பின்னாடி பவுண்டரி ஈக்யூ ஸ்விட்ச் இருக்கறதால சுவர் ஒட்டி வச்சா வர்ற பூம்-ஐ 1.5 இல்லன்னா 3 டிபி (டெசிபல்) குறைச்சுக்கலாம். ஆனா ஒண்ணொண்ணும் அஞ்சு கிலோ கிட்ட வரும், நாலத் தலைக்கு மேல தொங்க விடணும்னா எனக்கு தைரியம் வரல. ரூம் கரெக்‌ஷனும் (ரூமால மாறற சத்தத்த அளந்து சரி பண்றது) தனியா கம்ப்யூட்டர்லதான் பண்ணணும்.

நாய்மன் கேஹெச் 80 நாலு இன்ச்தான், 57 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், உள்ளயே டிஎஸ்பி (சத்தத்த டிஜிட்டலா சரி பண்ற சிப்) இருக்கு. எனக்குப் பெரிய விஷயம் என்னன்னா போர்ட் (பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டை) முன்பக்கம், சின்ன ரூம்ல சுவர்கிட்ட வைக்கறவங்களுக்கு அது நிம்மதி.

ஜெனலெக்ல ஒரு விஷயம் கவனிக்கணும். 8020டி வாங்கினா ஜிஎல்எம்ங்கற அவங்களோட ரூம் கரெக்‌ஷன் வேலை செய்யாது, அதே நாலு இன்ச் சைஸ்ல 8320ஏ வாங்கினாதான் செய்யும், கடையில ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். மேல மாட்ட 8010 ஒன்றரை கிலோதான், மூணு இன்ச், குடும்பமும் அதேதான், அதனால ஹைட்டுக்கு மட்டும் அத வச்சா எனக்கு உறுத்தல.

எதுவா இருந்தாலும் சப் வேணும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தயும் சப்புக்கு அனுப்பிட்டா நாலு இன்ச் தாராளமா தாங்கும், நாம ஒண்ணரை மீட்டர்ல தானே உக்காந்து கேக்கறோம். எல்எஃப்இ (சப்புக்குன்னே தனியா இருக்கற பேஸ்) சேனல மட்டும் 10 டிபி தூக்கி கேலிபிரேட் பண்ண மறக்காதீங்க. எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்துல காதுக்கு வரணும்னா, கிட்ட இருக்கற ஸ்பீக்கருக்கு, தூர வித்தியாசம் 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட் கணக்குல டிலே (தாமதம்) குடுக்கணும்.

இன்னொரு செலவு, கம்ப்யூட்டர்லேர்ந்து ஸ்பீக்கருக்கு சத்தம் அனுப்பற ஆடியோ இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் 18ஐ20-லயே அனலாக் அவுட் பத்துதான், மிச்சம் ரெண்டுக்கு ஆடாட் (டிஜிட்டல் ஆடியோ கேபிள் இணைப்பு) வழியா ஒரு பெட்டி சேக்கணும்.

என் ஓட்டு கேஹெச் 80-க்குத்தான். காசு பத்தலன்னா பதினொன்னும் ஜேபிஎல், மூணு நாய்மன் எட்டு ஜேபிஎல் மட்டும் வேண்டவே வேண்டாம். சீலிங்ல துளை போட எங்க ஓனர் ஒத்துக்கல, பத்து மாச அட்வான்ஸ் அவர் கையில இருக்கு, அதனால நாலு மூலைலயும் தரைலேர்ந்து இரும்புக் கம்பம் நிறுத்தி குறுக்கே பைப் கட்டி அதுல மாட்டறேன், வெல்டர் சனிக்கிழமை வர்றாரு.